ஏழு பத்து

இது வழக்கு அல்ல என்று
மூன்று முறை சொல்லியாயிற்று அவரிடம்.
வாதி இல்லை, பிரதிவாதி இல்லை,
கூண்டு இல்லை.
இருந்தும் ஐட்வல் ப்ராஸர்
நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறார்,
கோட்டுக்குக் கீழே தீவன லாரியின் பூட்ஸோடு.

ஹெரஃபோர்டில் ஒரு மாடி அறை.
நேற்று இங்கே கல்யாணப் பதிவு நடந்திருக்க வேண்டும்.
கம்பளத்தில் இரண்டு காகித இதழ்கள்.
யாரும் பொறுக்கவில்லை. நானும்தான்.

மரண விசாரணை அதிகாரிக்கு நான்கே கேள்விகள்:
இறந்தவர் யார். எப்போது. எங்கே. எப்படி.
யாரால் என்பது ஐந்தாவது.
அதைக் கேட்க இந்த அறைக்கு அதிகாரமில்லை.
அதனால்தானோ என்னவோ
எல்லோரும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்
வாய் திறவாமல்.

எனக்குக் கூலி காப்பீட்டு நிறுவனம்.
ஆறு நிமிடம் ஓர் அலகு, அலகுக்கு இவ்வளவு.
எதிர் மேசையில் கிளெமென்ட் ஹேக்லூட்,
ஹெஸ்டரின் தகப்பனார்.
அவருக்கு வக்கீல் இல்லை.
ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு தாள்,
பென்சிலில் கேள்விகள்.
சிலவற்றை அவரே அடித்திருக்கிறார்.

காலையில் தாழ்வாரத்தில்,
காசு விழுங்கும் தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில்,
ஐட்வலுக்கு இருபத்திரண்டாம் விதியைச் சொன்னேன்:
உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்கு
நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.
"சொல்லாட்டி என்ன நினைப்பாங்க?"
நினைப்பதைப் பதிவேட்டில் எழுத மாட்டார்கள் என்றேன்.
கெட்டிக்காரப் பதில்.
இருபது வருடமாய்ச் சொல்லி வருகிறேன்.

போலீஸ் நிபுணர் திரையில் படம் போட்டார்.
மார்ச் முதல் வாரம், கிழக்கே திரும்பும் வளைவு,
முன்கண்ணாடி மட்டத்தில் வெயில்.
டயர்த் தடம் பதினொரு மீட்டர்.
மோதிய பிறகும் சைக்கிளின் பின்விளக்கு
மினுக்கிக்கொண்டிருந்தது என்றார்
மீட்டர் சொன்ன அதே குரலில்.
ஆம்புலன்ஸ் வரப் பதினெட்டு நிமிடம்.
மூன்று அலகு என்றது மனம், கேட்காமலேயே.
ஓட்டுநரின் தொலைபேசியில் அழைப்பு எதுவும் இல்லை.
ஒரு குறுஞ்செய்தி மட்டும், திறக்கப்படாதது,
ஏழு மணி ஆறு நிமிடம்.
அங்கே என் பேனா நின்றது.
நகர்த்தினேன்.

பிறகு கிளெமென்ட் எழுந்தார்.
தாளைப் பார்க்கவில்லை.
"மிஸ்டர் ப்ராஸர்,
அவ ஏதாவது பேசினாளா?"

நான் பாதி எழுந்தேன்.
முழங்காலின் பழக்கம் அது, மூளைக்கு முந்தி எழும்.
நான்கு கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை
என்கிற வாக்கியம் நாக்கு நுனியில்.
கை பட்டுத் தண்ணீர்க் கூஜா ஆடியது,
பிடித்து நிறுத்துவதற்குள்
அவர் சொல்லிவிட்டார்:
"மணி என்னன்னு கேட்டாங்க.
ஏழு பத்துன்னேன்.
அப்ப சரி, நேரமிருக்குன்னாங்க."

ஹீட்டர் சத்தம்.
அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்.
சட்டம் படித்த யாருக்கும் தெரியும்.
மணியை எதில் பார்த்தீர்கள்?
அது எங்கே இருந்தது, பையிலா, கையிலா?
அண்ணனிடம் இரவல் வாங்கிய கோட்டு, கைகள் குட்டை.
மேசை மேல் இரண்டு மணிக்கட்டும்
வெறுமையாய்க் கிடந்தன.

கிளெமென்ட் கேட்கவில்லை.
பென்சிலை எடுத்து
தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.
"பள்ளிக்கூடத்துக்கு" என்றார், யாரிடமும் அல்லாமல்.
"செவ்வாய்க்கிழமை சாவி அவகிட்ட."

இறந்த நேரம்: எட்டு இரண்டு, மருத்துவமனையில்.
முடிவு: சாலை மோதல்.
நிறுவனத்துக்கு நல்ல சொல் அது.

வெளியே படிக்கட்டில் ஐட்வல் கேட்டார்:
"நான் பேசியிருக்கக் கூடாதோ?"
கூடாது என்பதுதான் என் தொழில்.
மழைக்கோட்டின் பொத்தானை ஒவ்வொன்றாய்ப் போட்டேன்.
வேறு எதுவும் வரவில்லை;
உங்கள் பஸ் எத்தனை மணிக்கு என்றேன்.

நாற்பதுக்கு என்றார்.
இப்போது மணி என்ன என்று
அவரும் பார்க்கவில்லை.
சட்டைப் பைக்குள் அது
ஒரு முறை அதிர்ந்து அடங்கியது.